பந்தி கலைந்த பிறகு: திரையில் மேக்பெத்தின் மனைவி

கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பிற்பகல் மூன்று மணிக்கே வீட்டுக்குள் விளக்குப் போட்டாக வேண்டும். மேகம் சன்னல் வழியாக உள்ளே புகுந்து, உலரப் போட்ட துணியை மறுபடியும் நனைத்துவிட்டுப் போகும். அப்படிப்பட்ட ஐப்பசி, கார்த்திகைச் சனிக்கிழமைகளில், கூடத்துச் சுவரில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டி, இரவல் வாங்கிய புரொஜெக்டரைப் பழைய தேயிலைப் பெட்டிகளின் மேல் ஏற்றிவைத்து, ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' நாடகத்திலிருந்து பிறந்த எட்டுப் படங்களை அக்கம்பக்கத்தாருடன் உட்கார்ந்து பார்த்தேன். எங்களுக்குக் கிடைத்தவற்றில் துணைவரிகள் ஆங்கிலத்தில் மட்டுமே ஓடியதால், முக்கியமான இடங்களில் படத்தை நிறுத்தி நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில் ஒரு லாபமும் இருந்தது. ஓடும்போது கண்ணில் படாத பல விஷயங்கள் நின்றபோது பட்டன.

இவற்றில் எதைக் காசு கொடுத்துப் பார்க்கலாம் என்று கேட்பவர்களுக்காக இந்த மதிப்புரையை எழுதுகிறேன். ஒவ்வொரு படத்தின் ஒளிப்பதிவு, இசை, போர்க்காட்சி என்று எல்லாவற்றையும் எடைபோடும் எண்ணம் எனக்கு இல்லை. மேக்பெத்தின் மனைவியாக வரும் பெண் எந்தப் படத்தில் முழுமையாக இருக்கிறாள் என்பதை மட்டுமே பார்த்தேன்.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். நீ மன்னனாவாய் என்று மூன்று சூனியக்காரிகள் சொன்னதைத் தளபதி மேக்பெத் மனைவிக்குக் கடிதமாக எழுதுகிறான். அவள், தன் வீட்டுக்கு விருந்தாளியாக வரும் கிழ மன்னன் டங்கனைக் கொன்றுவிடும்படி கணவனைத் தூண்டுகிறாள். கொலை நடக்கிறது, முடி கிடைக்கிறது, அதன்பின் ஒன்றை மறைக்க ஒன்றாகக் கொலைகள் தொடர்கின்றன, கடைசியில் இருவருமே அழிகிறார்கள். 1040 முதல் 1057 வரை ஸ்காட்லாந்தை ஆண்ட உண்மையான மேக்பெத்தின் மனைவிக்குக் குரூவாக் என்று பெயர் உண்டு; முதல் கணவன் வழியில் லூலாக் என்ற மகனும் உண்டு. ஷேக்ஸ்பியர் அந்தப் பெயரையும் எடுத்துவிட்டார், மகனையும் எடுத்துவிட்டார். நான் பிள்ளைக்குப் பாலூட்டியவள் என்று அவள் சொல்லும் ஓர் இடத்தை மட்டும் விட்டுவைத்தார். எந்தப் பிள்ளை, அது என்ன ஆயிற்று என்பதற்கு நாடகத்தில் விடை இல்லை. படமெடுத்தவர்களில் பாதிப் பேர் அந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே நுழைந்திருக்கிறார்கள். பெயர் இல்லாதவளாகையால் நான் அவளைச் சீமாட்டி என்றே குறிப்பிடுகிறேன்.

எங்கள் கூடத்தில் முதல் நாளே கைகேயியின் பேச்சு வந்துவிட்டது. வராமல் இருந்தால்தான் வியப்பு. ஆனால் கைகேயியின் மனத்தைத் திருப்ப ஒரு மந்தரை வேண்டியிருந்தது. சீமாட்டிக்குத் தன் நெஞ்சே மந்தரை. கைகேயி மகனுக்கு நாடு கேட்டாள். சீமாட்டிக்கு மகன் இல்லை. ஆசை முழுவதும் அவளுடையது, முடி ஏறுவதோ கணவனின் தலையில். இந்த இடைவெளியை உணர்ந்து நடித்தவர்கள் யார், உணராமல் பேயாட்டம் ஆடியவர்கள் யார் என்பதே என் முதல் கேள்வியாக இருந்தது.

சீமாட்டியை மதிப்பிடுபவர்கள் வழக்கமாக மூன்று காட்சிகளை எடுத்துக்கொள்வார்கள்: கடிதம் படிப்பது, கொலை இரவு, தூக்கத்தில் நடந்தபடி கையைக் கழுவுவது. நான் நான்காவது ஒன்றை எடுத்துக்கொண்டேன். மூன்றாம் அங்கத்தில், புது மன்னன் கொடுக்கும் விருந்தில், அவன் ஆளனுப்பிக் கொன்ற நண்பன் பாங்க்கோவின் ஆவி வந்து அவன் இருக்கையில் உட்காருகிறது. மேக்பெத் சபை நடுவில் உளறுகிறான். சீமாட்டி ஏதேதோ சாக்குச் சொல்லிச் சமாளித்துப் பார்த்து, முடியாமல், முறை எதுவும் பாராமல் உடனே கிளம்புங்கள் என்று விருந்தாளிகளை அனுப்பிவைக்கிறாள். பந்தி கலைகிறது. இருவர் மட்டும் மிஞ்சுகிறார்கள்.

அதற்குப் பிறகு அவள் மிகக் கொஞ்சமே பேசுகிறாள். பாங்க்கோவைக் கொல்லப்போவதைக் கணவன் அவளிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. அடுத்து மேக்டஃப் என்பவனைப் பற்றி அவன் பேசத் தொடங்கும்போது, அவனுக்கு ஆளனுப்பினீர்களா என்று ஒரு கேள்வி கேட்கிறாள். அந்தக் கேள்வியின் முடிவில் ஷேக்ஸ்பியர் வைத்திருக்கும் சொல் 'சர்'. நீ ஓர் ஆண்பிள்ளைதானா என்று சற்றுமுன் அதே பந்தியில் கேட்டவள், இப்போது கணவனைச் சர் என்கிறாள். இதை நான் படத்தை நிறுத்திச் சொன்னபோது, பக்கத்து எஸ்டேட் லயத்திலிருந்து எங்களுடன் படம் பார்க்க வரும் பெரியம்மா ஒருவர், முறத்தில் புடைப்பதைப் போல அலட்சியமாகச் சொன்னார்: "அப்போ புருசன் போயிட்டாரு, தொரை வந்துட்டாரு." பெரியம்மா, இலங்கைத் தோட்டத் தமிழரில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் சிறுமியாக இலங்கையிலிருந்து வந்தவர், நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். தொரை என்ற சொல்லின் முழு எடையும் அவருக்குத் தெரியும்.

சீமாட்டி விழிப்போடு இருக்கையில் நாடகத்தில் சொல்லும் கடைசி வாக்கியம், உங்களுக்குத் தூக்கம் போதவில்லை என்பதுதான். அதன்பின் நான்காம் அங்கம் முழுவதும் அவள் மேடைக்கே வருவதில்லை. மறுபடி ஐந்தாம் அங்கத்தில் வரும்போது தூக்கத்தில் நடந்து வருகிறாள். கணவனுக்குத் தூக்கமில்லை என்று கவலைப்பட்டவளின் தூக்கம் எப்படிக் கெட்டது, இடையில் என்ன நடந்தது என்று நாடகம் சொல்வதில்லை. அந்தக் காலியிடத்தை நடிகை எதைக்கொண்டு நிரப்புகிறாள் என்பதே என் அளவுகோல்.

ஆர்சன் வெல்ஸ் 1948இல் எடுத்த படத்தை இந்த அளவுகோலில் வைத்தால் தேறுவதில்லை. கௌபாய்ப் படங்களுக்குப் பேர்போன ரிபப்ளிக் நிறுவனத்தில், 23 நாளில், வசனங்களை முதலிலேயே பதிவுசெய்து வைத்துக்கொண்டு அதற்கு வாயசைக்கச் செய்து எடுத்த படம் அது. சீமாட்டியாக நடித்த ஜெனட் நோலன் வானொலியிலிருந்து வந்தவர். அவருக்கு அதுதான் முதல் திரைப்படம். குரலில் எல்லாம் இருக்கிறது, முகத்தில் முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சிவரை ஒரே கடுகடுப்பு. தொடக்கத்திலேயே முழுக் கொடுமையையும் காட்டிவிட்டதால், பின்னர் உடையும்போது எது உடைகிறது என்று தெரிவதில்லை. நாடகத்தில் காதால் மட்டும் கேட்கும் அவளுடைய சாவை வெல்ஸ் கண்ணுக்குக் காட்டுகிறார்: பாறை உச்சியிலிருந்து குதித்துவிடுகிறாள். பாறை முனைகளுக்குப் பஞ்சமில்லாத எங்கள் ஊரில் அந்தக் காட்சிக்கு யாரும் அசையவில்லை. வெல்ஸின் நிழல்களுக்காகப் படத்தைப் பார்க்கலாம், சீமாட்டிக்காக வேண்டாம்.

ரோமன் போலான்ஸ்கியின் 1971ஆம் ஆண்டுப் படம் 140 நிமிடம் ஓடுகிறது. அதில் பிரான்செஸ்கா அனிஸ் இருபதுகளின் நடுவில் இருக்கும் ஓர் இளம்பெண். அழகான, சின்ன வயதுத் தம்பதி, அவசரப்பட்டுச் செய்த காரியம் என்ற கோணம் புதியது. மனத்தில் ஓடுவதை உதடு அசையாமல் பின்னணிக் குரலாகச் சொல்லும் உத்தியும் சில இடங்களில் நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் அந்த முகம் கொலையைத் திட்டமிட்டது என்று நம்ப எனக்கு நெடுநேரம் பிடித்தது. இதைக் கூடத்தில் போட நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: தூக்கத்தில் நடக்கும் காட்சியில் சீமாட்டி உடையில்லாமல் நடக்கிறாள், வெட்டுக்குத்தும் கூசாமல் காட்டப்படுகிறது. பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு ஆகாது. நான் இதை முன்கூட்டிப் பார்த்துவைத்திருந்ததால், வந்தவர்களிடம் சொல்லி, பெரியவர்கள் மட்டும் இருந்த ஒரு மாலையில் போட்டேன்.

இங்கே ஒரு சிறு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். கீழே சமவெளியில் ஒரு கடைக்காரர், மேக்பெத் வரிசையில் இதுவும் ஒன்று என்று உறுதியாகச் சொல்லி 'லேடி மேக்பெத்' என்ற 2016ஆம் ஆண்டுப் படத்தை என் தலையில் கட்டினார். அது ஷேக்ஸ்பியருடையது அல்ல; ரஷ்ய எழுத்தாளர் லெஸ்கோவ் 1865இல் எழுதிய குறுநாவலை இங்கிலாந்துக்கு மாற்றி எடுத்தது. ஃபுளோரன்ஸ் பியூ நன்றாகவே நடித்திருக்கிறார், ஆனால் அது வேறொரு பெண், வேறொரு கதை. பெயரைப் பார்த்து வாங்குபவர்கள் ஏமாறாதிருக்க இதைக் குறிப்பிடுகிறேன்.

ட்ரெவர் நன் 1976இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் 'தி அதர் பிளேஸ்' என்ற சின்ன அரங்கில் போட்ட நாடகம், பிறகு தொலைக்காட்சிக்காகப் பதிவாகி 1979இல் ஒளிபரப்பானது. கோட்டை இல்லை, குதிரை இல்லை, மூடுபனிகூட இல்லை. கறுப்புப் பின்னணியில் முகங்கள் மட்டும் இருக்கின்றன. எங்கள் வேட்டித் திரையில் படம் எங்கே முடிகிறது, சுவரின் இருட்டு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஜூடி டெஞ்ச் கறுப்பு உடையும் தலைக்கட்டுமாக, ஒரு வீட்டைப் பொறுப்பாக நடத்தும் பெண்ணாக வருகிறார். இருளின் சக்திகளை அழைக்கும் இடத்தில், அழைத்த மறுகணமே தானே அஞ்சிப் பின்வாங்குகிறார். இந்த ஒரு பின்வாங்கல் முன்சொன்ன இரண்டு படங்களிலும் இல்லை. தனக்கு இல்லாத கல்நெஞ்சைக் கடன் கேட்பவள்தான் சீமாட்டி என்பதை டெஞ்ச் பிடித்திருக்கிறார். ஏற்கெனவே இருந்திருந்தால் அவள் யாரிடமும் கேட்டிருக்க மாட்டாள்.

பந்தி கலைந்த பிறகு டெஞ்ச் உட்கார்ந்திருக்கும் விதத்தை நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். கணவனாக வரும் இயன் மெக்கெல்லன் பேசிக்கொண்டே போகிறார். அவள் கேட்டுக்கொண்டிருப்பதாகத் தோன்றுகிறது, ஆனால் கேட்கவில்லை. விருந்து முடிந்த வீட்டில் கடைசி ஆளும் போனபின் ஒரு பெண்ணின் தோள் எப்படித் தொய்ந்து இறங்குமோ அப்படி இறங்குகிறது. அதன் தொடர்ச்சியாகத்தான் தூக்க நடையில் அவர் எழுப்பும் அந்த நீண்ட ஓலம் வருகிறது. எழுத்தில் மூன்று 'ஓ' மட்டுமே உள்ள இடம் அது. நாடகத்தில் மருத்துவன், எப்படிப்பட்ட பெருமூச்சு இது என்கிறான். டெஞ்சிடம் பெருமூச்சாகத் தொடங்குவது எங்கே ஓலமாகிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒலி அளவைக் கொஞ்சம் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டு நாய் எழுந்து குரைத்தது.

இந்தக் காட்சிக்கு ஒரு பழங்கதை உண்டு. 1785இல் லண்டனில் சாரா சிடன்ஸ் இந்த வேடத்தை ஏற்றபோது, அதற்கு முன்பிருந்த நடிகையர் கையிலிருந்து இறக்காத மெழுகுவத்தியை அவர் மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் சேர்த்துத் தேய்த்துக் கழுவினார். வழக்கத்தை மீறுவதாகும் என்று எச்சரித்தார்களாம். ஒரு கையில் விளக்கை வைத்துக்கொண்டு மற்றொரு கையை எப்படிக் கழுவ முடியும் என்பது பாத்திரம் தேய்த்த எவருக்கும் தெரிந்த விஷயம். கழுவும் கைகளை நம்பும்படி செய்தவர்கள் எத்தனை பேர் என்று அன்றிலிருந்து நானும் எண்ணத் தொடங்கினேன்.

2015ஆம் ஆண்டு ஜஸ்டின் கர்செல் எடுத்த படம், மேக்பெத் தம்பதியின் குழந்தையைத் தகனம் செய்வதில் தொடங்குகிறது. பாலூட்டிய பிள்ளை எங்கே என்ற கேள்விக்கு முதல் நிமிடத்திலேயே விடை சொல்லிவிடுகிறார்கள். மரியன் கொட்டிலார் பிரெஞ்சு நடிகை. அந்த நாட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அந்நியப் பெண்ணாக அவருடைய உச்சரிப்பே அவரைத் தனித்துக் காட்டுகிறது. காலியிடத்தை இந்தப் படம் துணிச்சலாக நிரப்புகிறது: மேக்டஃபின் மனைவியையும் பிள்ளைகளையும் கம்பத்தில் கட்டி எரிப்பதைச் சீமாட்டி கூட்டத்தோடு நின்று பார்க்கிறாள். நாடகத்தில் அந்தப் பெண்கள் இருவரும் சந்திப்பதே இல்லை. இங்கே ஒருத்தி எரிகிறாள், மற்றவள் பார்க்கிறாள். தான் தொடங்கிவைத்தது தன் கையை மீறிப் போய்விட்டது என்பது வசனமில்லாமல் விளங்குகிறது. பிறகு தூக்க நடை வருவதில்லை. ஒரு தேவாலயத்தில் தனியே உட்கார்ந்து, அந்தச் சொற்களையெல்லாம் தன் எதிரே இருக்கும் இறந்த பிள்ளையிடம் சொல்கிறாள். காமிரா அவள் முகத்தை விட்டு நகர்வதில்லை.

எங்கள் கூடத்தில் அதிகம் பேர் கண் கலங்கியது இந்தப் படத்துக்குத்தான். எனக்கும் கலங்கியது. கலங்கி முடிந்து தேநீர் குடிக்கும்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது. இந்தச் சீமாட்டி எதற்கு ஆசைப்பட்டாள்? பிள்ளையை இழந்த துக்கத்தில் தவறு செய்துவிட்டாள் என்று முடிவதானால், முடிமேல் அவளுக்கு இருந்த ஆசை எங்கே போயிற்று? பேராசைக்காரி என்ற பழியிலிருந்து அவளைக் காப்பாற்றப் போய், ஆசைப்படும் உரிமையையும் அவளிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள். ஓர் ஆண் நாட்டுக்கு ஆசைப்பட்டால் யாரும் அவனுடைய தொட்டில் காலியா என்று விசாரிப்பதில்லை.

இதற்கு நேர் எதிராக நிற்கிறது ஜோயல் கோயனின் 2021ஆம் ஆண்டுப் படம். முழுவதும் அரங்கத்துக்குள், கறுப்பு வெள்ளையில், ஏறக்குறைய சதுரமான சட்டத்துக்குள் எடுக்கப்பட்ட 105 நிமிடப் படம். 60 வயதைக் கடந்த பிரான்செஸ் மெக்டார்மண்ட், அவரோடு டென்சல் வாஷிங்டன். இனிப் பிள்ளை என்ற பேச்சுக்கே இடமில்லை, இனிப் பதவி உயர்வு என்பதும் இதுதான் கடைசித் தடவை. அந்த வயதில் அந்த ஆசைக்கு ஒரு கணக்குப்பிள்ளைத்தனம் வந்துவிடுகிறது. கடிதத்தைப் படித்து முடித்ததும் நெருப்பில் பிடித்துக் காற்றில் விட்டுவிடுகிறாள். மெக்டார்மண்டின் சீமாட்டி தடயம் வைக்காதவள். கொலை இரவில் அவள் கணவனிடம் பேசுவது, செய்து முடிக்காத வேலையைப் பற்றி மேஸ்திரி பேசுவதைப் போல இருக்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் பந்திக்குப் பிந்திய இடத்தில் படம் அவளைக் கைவிட்டுவிடுகிறது. உறுதியான பெண் திடீரென்று தூக்கத்தில் நடக்கிறாள், அப்புறம் மாடிப்படி, அதன் கீழே உடல். ராஸ் என்ற பிரபு அவளைத் தள்ளிவிட்டானோ என்று ஐயப்பட வைக்கிறார் இயக்குநர். புத்திசாலித்தனமான ஐயம்தான். ஆனால் அவள் சாவு அவளுடையதாக இல்லாமல் போகிறது.

இப்போது அகிரா குரோசாவா. 1957இல் வந்த அவருடைய படத்தின் ஜப்பானியப் பெயருக்குச் சிலந்திவலைக் கோட்டை என்று பொருள். ஆங்கிலத்தில் 'த்ரோன் ஆஃப் பிளட்'. ஷேக்ஸ்பியரின் வசனம் ஒன்றுகூட இதில் இல்லை. மேக்பெத் இங்கே வாஷிசு என்ற படைத்தலைவன். அவன் மனைவி அசாஜி. நடித்தவர் இசுசு யமடா. ஜப்பானின் பழைய முகமூடி நாடகமான 'நோ' மரபிலிருந்து ஒரு முகமூடியை எடுத்து, இதுதான் உங்கள் முகம் என்று குரோசாவா அவரிடம் காட்டினார் என்பது பதிவான செய்தி: இளமை கடந்த, பித்துப் பிடிக்கப்போகும் அழகியின் முகமூடி அது. யமடா படம் முழுவதும் அந்த முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறார். இமைப்பதுகூட அரிது. கணவன் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் அலைவான், கத்துவான், வாளில் கைவைப்பான். அவள் பாயில் ஒரு சிலைபோல உட்கார்ந்து, அவனைப் பாராமல், அடிக்குரலில் பேசுவாள். எழுந்து நடந்தால் பாதம் தரையை விட்டு உயர்வதில்லை. பட்டு உடை தரையில் உரசும் 'சர் சர்' என்ற ஓசைதான் கேட்கும். காவலர்களுக்கு மயக்க மது எடுக்க அவள் கதவுக்கு அப்பாலுள்ள இருட்டுக்குள் போகிறாள்; உருவம் முழுவதும் கரைந்துவிடுகிறது; பட்டோசை மட்டும் நிற்கவில்லை; பிறகு மதுக்குடத்தோடு அதே இருட்டிலிருந்து வெளியே வருகிறாள். எங்கள் கூடத்தில் அப்போது மழையும் சற்று ஓய்ந்திருந்ததால் அந்த ஓசை அறைக்குள்ளேயே கேட்பதைப் போல இருந்தது. யாரோ ஒருவர் திரும்பிக் கதவைப் பார்த்தார்.

கொலையைக் குரோசாவா காட்டுவதில்லை. அதே நேரத்தில் அறையில் தனியே இருக்கும் அசாஜியைக் காட்டுகிறார். பிறகு வாஷிசு குருதி படிந்த ஈட்டியோடு திரும்பி வந்து உட்காருகிறான். விரல்கள் ஈட்டியை விடவில்லை. அவள் அவற்றைப் பிரித்து ஈட்டியை வாங்குகிறாள். அந்த விரல் பிரிக்கும் காட்சியில் மனைவி, தாதி, கூட்டாளி, எசமானி நால்வரும் இருக்கிறார்கள்.

அதைவிட முக்கியமானது, பிள்ளைக் கேள்விக்குக் குரோசாவா சொல்லும் விடை. வாரிசு இல்லாததால் நண்பனின் மகனையே வாரிசாக்கலாம் என்று வாஷிசு இணங்கியிருக்கும்போது, தான் கருவுற்றிருப்பதாக அசாஜி சொல்கிறாள். அந்த ஒரு சொல்லில் நண்பனின் தலை போகிறது. பின்னர் பிள்ளை இறந்தே பிறக்கிறது. கர்செலின் படத்தில் பிள்ளையின் சாவு ஆசைக்கு முன்பு வந்து அதை மன்னிக்கிறது. இங்கே ஆசைக்குப் பின்பு வந்து அதன் கணக்கைத் தீர்க்கிறது. அசாஜியிடமிருந்து ஆசை பறிக்கப்படவில்லை, அதன் விலை மட்டும் கேட்கப்படுகிறது. அதனால்தான் கடைசியில் அவள், தொங்கவிட்ட உடையின் மறைவில் குனிந்து உட்கார்ந்து, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவும்போது, அதுவரை இமைக்காத அந்த முகம் சிறுபிள்ளையின் முகமாகக் கலைந்திருப்பதைத் தாங்க முடிவதில்லை.

பெரியம்மா இந்தக் காட்சியை இரண்டாம் முறை போடச் சொன்னார். பார்த்துவிட்டுத் தம் கைகளை விளக்கு வெளிச்சத்தில் நீட்டினார். பல ஆண்டுகள் கொழுந்து பறித்த விரல் நுனிகளில் தேயிலைச் சாறு கறுப்பாக ஏறி, ரேகையின் பள்ளங்களில் கோடு கோடாக நின்றுவிட்டது. வேலையை விட்ட பின்பும் முழுதாகப் போகவில்லை. "போகாத கறைய இப்பிடித் தேய்க்க மாட்டோம் வாத்தியாரே. ரெண்டு நாள் தேச்சிட்டு வுட்டுருவோம். இந்தப் பொண்ணு கறையத் தேய்க்கல, கையவே தேச்சு எடுக்கப் பாக்குது" என்றார். யமடாவைப் பற்றி நான் படித்த எதிலும் இவ்வளவு கூர்மையான குறிப்பு இல்லை. சாரா சிடன்ஸ் விளக்கைக் கீழே வைத்ததற்குப் பிறகு இந்தக் கைகளைத்தான் நான் நம்பினேன்.

கடைசியில், எதிரிப்படை வெட்டிய மரங்களின் மறைவில் முன்னேறுவதால் காடே கோட்டையை நோக்கி நகர்ந்து வருவதைப் போலத் தோன்றும் இடம் வந்தபோது, புல்வெளிகளைச் சீகை மரம் வருடந்தோறும் ஏறி ஏறி விழுங்குவதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அதில் அதிசயம் ஒன்றும் தோன்றவில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

விஷால் பரத்வாஜின் 'மக்பூல்' 2003இல் எடுக்கப்பட்ட இந்திப் படம். கதை மும்பை நிழலுலகத்துக்கு மாறியிருக்கிறது. தபு நடிக்கும் நிம்மி, மக்பூலின் மனைவி அல்ல. மக்பூல் தகப்பனாக மதிக்கும் தாதா அப்பாஜியின் வைப்பு. இந்த ஒரு மாற்றத்தால் சீமாட்டியின் ஆசைக்குக் காலடியில் நெருப்பு வந்துவிடுகிறது. அப்பாஜியின் கண் ஒரு சினிமா நடிகையின் பக்கம் திரும்பிவிட்டது. நாளை நிம்மிக்கு அந்த வீட்டில் இடமுண்டா என்பது தெரியாது. அவள் கேட்பது நாடு அல்ல, வீட்டில் ஓர் இடமும், ஒருவன் தன்னைக் காதலிக்கிறான் என்ற சொல்லும். துப்பாக்கியை நீட்டி மக்பூலிடமிருந்து அந்தச் சொல்லை வாங்கும் காட்சியில் தபு சிரித்துக்கொண்டிருக்கிறார். மிரட்டலா விளையாட்டா என்று இர்ஃபான் கானுக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை.

நாடகத்தில் கொலை நடக்கும்போது சீமாட்டி அந்த அறையில் இல்லை. தூங்கும் கிழவன் என் தகப்பனைப்போல இருந்திராவிட்டால் நானே செய்திருப்பேன் என்று சாக்குச் சொல்கிறாள். இங்கே அப்பாஜி சுடப்படும்போது நிம்மி அதே கட்டிலில் அவர் பக்கத்தில் படுத்திருக்கிறாள். பின்னர் அவள் வயிற்றில் வளரும் பிள்ளை யாருடையது என்ற ஐயம் மக்பூலுக்கு வருகிறது. என் அளவுகோலின் காலியிடத்தை இந்த ஐயம் நிரப்புகிறது. அசாஜியின் கரு அவளுடைய ஆயுதம். நிம்மியின் கருவோ அவள்மீதே திரும்புகிறது. நடுச்சாமத்தில் சுவரில் இல்லாத இரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும் தபுவைக் காண்பது கொடுமை. ஆனால் ஒன்று: மேக்பெத் தன் மனைவியின் சாவைச் செய்தியாகத்தான் கேட்கிறான், மக்பூலோ நிம்மியைத் தன் கையில் ஏந்தியிருக்கிறான். நம் காதல் புனிதமானதுதானே என்று அவள் கேட்கிறாள். புருசன் துரையாகாத ஒரே படம் இது. நாடகத்தின் குளிரை இந்த இடத்தில் பரத்வாஜ் தணித்துவிட்டார் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் குறை தெரியவில்லை.

எட்டாவது படம் 2021இல் வந்த மலையாளப் படம் 'ஜோஜி'. திலீஷ் போத்தன் இயக்கியது, 113 நிமிடம். இதைக் கடைசியாகப் போட்டதற்குப் பெரியம்மா ஒரு வகையில் காரணம். வெல்ஸின் பந்திக் காட்சி முடிந்ததுமே அவர், "அம்புட்டுப் பேரும் பாதியில எந்திரிச்சுப் போயிட்டாங்களே, மிச்சத்தையெல்லாம் யாரு எடுத்து வச்சா?" என்று கேட்டிருந்தார். 'ஜோஜி'யில் எடுத்துவைப்பவள்தான் சீமாட்டி. உண்ணிமாயா பிரசாத் நடிக்கும் பின்சி, ஒரு தோட்டத்து வீட்டின் மருமகள். மாமனார், கணவன், கொழுந்தன் என்று ஆண்கள் நிறைந்த வீட்டில் அவள் பொழுது சமையலறையில் கழிகிறது. தனியாகப் போய்விட வேண்டும் என்பதே அவள் ஆசை. கொல் என்று அவள் யாரிடமும் சொல்வதில்லை. ஃபஹத் ஃபாசில் நடிக்கும் கொழுந்தன் ஜோஜி செய்வது தெரிந்தும் வாய் திறப்பதில்லை, அவ்வளவுதான். மாமனாரின் சாவுக்கு ஊர் கூடியிருக்கையில் அவள் அவனிடம் சொல்வதெல்லாம், முகக்கவசம் போட்டுக்கொண்டு வா என்பது. கொரோனா காலக் கதையாகையால் வெளியே கேட்பவருக்கு அது சாதாரணப் பேச்சு. பொய்ம்முகம் நெஞ்சின் பொய்யை மறைக்கட்டும் என்று நாடகத்தில் வரும் கருத்தை, ஒரு சமையலறைப் பெண்ணின் அன்றாட வாயில் இப்படி வைத்த திரைக்கதையாசிரியர் சியாம் புஷ்கரனை எழுந்து நின்று பாராட்டலாம்.

ஆனால் பின்சிக்குத் தூக்க நடை இல்லை, கை கழுவல் இல்லை. இரண்டாவது கொலையோடு கதை ஜோஜியின் பின்னால் ஓடிவிடுகிறது, அவள் ஒதுங்கிவிடுகிறாள். நாடகத்தில் நான்காம் அங்கத்தில் காணாமல் போகும் சீமாட்டி இந்தப் படத்தில் திரும்பி வராமலே போகிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். உண்ணிமாயாவிடம் இன்னும் இரண்டு காட்சி கொடுத்திருந்தால் யமடாவுக்கு அருகே வந்திருப்பார் என்று எனக்கு ஓர் ஆதங்கம்.

ஒரே படம்தான் வாங்க முடியும் என்பவர்கள் குரோசாவாவை வாங்கலாம். கறுப்பு வெள்ளை, ஜப்பானிய மொழி, 110 நிமிடம். தொடக்கத்தில் குதிரைவீரர் இருவர் மூடுபனியில் சுற்றிச் சுற்றி அலைவதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். இரண்டாவதாக 'மக்பூல்'. நாடகத்தின் மூலச் சொற்களே வேண்டும் என்போருக்கு டெஞ்ச். கல்லூரி மாணவருக்குக் கோயனின் படம் வசதியானது. கர்செலைப் பார்ப்பவர்கள் டெஞ்சுக்குப் பிறகு பார்க்கட்டும். யமடாவின் கை கழுவல் காட்சியை மட்டும் தைமாதம் இன்னொரு முறை போடுவதாகப் பெரியம்மாவிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். லயத்திலிருந்து இன்னும் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வருவாராம், முன்வரிசையில் இடம் வைக்கச் சொல்லியிருக்கிறார்.